நினிவேயிலிருந்து சூலியா தெருவுக்கு

யோனா தீர்க்கதரிசியின் புத்தகம் மிகச் சிறியது: நான்கு அதிகாரம், 48 வசனம். எபிரேய வேதத்தில் சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரின் ஏடுகளையும் ஒரே தோல்சுருளில் சேர்த்து எழுதிவைத்தார்கள். அந்தச் சுருளில் மற்றவர்கள் பெரும்பாலும் நேராகப் பேசுகிறார்கள். யோனா ஒருவர்தான் முழுக்கக் கதையாக வருகிறார். அவர் நினிவே மக்களுக்குச் சொன்ன வாக்கும் ஒரே வரிதான்: இன்னும் நாற்பது நாளில் இந்த நகரம் கவிழும். நகரம் கவிழவில்லை. நிறைவேறாமல் போன அந்தத் தீர்ப்பைச் சுமந்துகொண்டு புத்தகம் மட்டும் கடல் கடந்து, கரை கடந்து, பினாங்குத் தீவு வரை வந்துவிட்டது. சூலியா தெருவிலிருந்து அரைமணி நடைக்குள் பள்ளிவாசல், தேவாலயம், யூதர்களின் ஜெப ஆலயம் என்று மூன்று இடங்களில் அந்தக் கதைக்கு இருக்கை கிடைத்தது.

அமித்தாயின் மகன் யோனா, வேதத்தில் இன்னோர் இடத்திலும் தலைகாட்டுகிறார். கி.மு. எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலத்தில், இஸ்ரவேலின் எல்லை விரியும் என்று நல்வாக்குச் சொன்ன காத்தேப்பேர் ஊர்க்காரர் அவர். சொந்த நாட்டுக்கு நல்ல சேதி சொல்லிப் பழகிய அந்த மனிதரைப் பகைநாடான அசீரியாவின் பெருநகருக்குப் போ என்கிறது தெய்வம். அவர் நேரெதிர்த் திசையில், யோப்பா துறைமுகத்தில் தர்சீசுக்குப் போகும் கப்பலைப் பிடித்து, கூலி கொடுத்து, அடித்தட்டில் இறங்கிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். நடுக்கடலில் புயல்.

எல்லோரும் மீனைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். துறைமுகத்தில் வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டியது அந்த மாலுமிகளை. ஒவ்வொருவனும் தன் தன் தெய்வத்தைக் கூப்பிடுகிறான். யார் தெய்வம் பெரிது என்று எவனும் வாதாடவில்லை. சரக்கைக் கடலில் எறிகிறார்கள். சீட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். சீட்டு யோனாவின் பெயருக்கு விழுகிறது. என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள், அலை அடங்கும் என்று அவரே சொல்கிறார். அவர்கள் உடனே போடவில்லை. கரை சேர்ந்துவிடலாமா என்று தண்டு வலிக்கிறார்கள். கைகள் ஓய்ந்த பிறகுதான், இந்த மனிதனின் இரத்தப்பழி எங்கள் மேல் வராதிருக்கட்டும் என்று அழுதுவிட்டு அவரைத் தூக்குகிறார்கள். முன்பின் அறியாத ஒரு பயணிக்காக வேற்றுத் தெய்வத்துக்காரர்கள் தண்டு வலித்த அந்தச் சில நேரத்தைச் சொல்வதற்காகவே யாரோ இந்தப் புத்தகத்தை எழுத உட்கார்ந்தார் என்றுகூட எனக்குத் தோன்றும்.

தன்னை விழுங்கிய பெரிய மீனின் வயிற்றில் மூன்று நாள் கிடந்து வெளியே வந்த யோனா, நினிவேக்குப் போய் அந்த ஒரு வரியைச் சொல்கிறார். அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். மனிதர் மட்டுமல்ல, ஆடுமாடுகளும் இரட்டு உடுத்திப் பட்டினி கிடக்க வேண்டும் என்று கட்டளை பிறக்கிறது. தெய்வம் தன் முடிவை மாற்றிக்கொள்கிறது. யோனாவுக்குக் கோபம் தலைக்கேறுகிறது.

அந்தக் கோபத்தைக் கிண்டலாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அசீரியா யார் என்று தெரிந்தால் யாருக்கும் வராது. நினிவேயின் அரண்மனைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த கற்பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கி.மு. 701-இல் யூதாவின் லாகீஸ் நகரம் வீழ்ந்ததை அசீரியச் சிற்பிகள் அவற்றில் செதுக்கியிருக்கிறார்கள். கழுவில் ஏற்றப்பட்ட உடல்கள். உயிரோடு தோல் உரிக்கப்படும் கைதிகள். மூட்டை முடிச்சை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வெளியேறும் மக்கள். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வட இஸ்ரவேலை அந்தப் பேரரசு வேரோடு பிடுங்கியிருந்தது. யோனாவின் புத்தகம், நினிவே கி.மு. 612-இல் அழிந்து வெகுகாலம் சென்ற பிறகு எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அதாவது, தங்கள் பாட்டன் பூட்டனை அடித்து விரட்டிய ஊரைப் பற்றி, அந்த ஊரும் மன்னிக்கப்படத் தக்கதுதான் என்று எழுதப்பட்ட கதை இது. அதைப் பாதுகாத்துப் படியெடுத்தவர்களும் அந்தப் பேரப்பிள்ளைகளே.

எபிரேயத் தீர்க்கதரிசிகளிடம் தீர்ப்புக்குப் பஞ்சமே இல்லை. தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்து, காட்டத்திப் பழம் பார்த்துப் பிழைத்த ஆமோஸ், அக்கம்பக்கத்து நாடுகளின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டுக் கடைசியில் சொந்த நாட்டின் மேலேயே கையை நீட்டினார். ஒரு ஜோடி செருப்பு விலைக்கு ஏழையை விற்கிறீர்களே என்று அவர் கேட்ட கேள்வி சந்தையில் நிற்பவனை நோக்கியது. ஓசியா வாயிலாகப் பேசும் தெய்வம், கைப்பிடித்து நடக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளையை எப்படிக் கைவிடுவேன் என்று தனக்குள்ளேயே தத்தளிக்கிறது. எசேக்கியேல் தன்னை ஊர்க் காவற்காரன் என்று சொல்லிக்கொண்டார்: வாள் வருவதைக் கண்டும் காவற்காரன் எக்காளம் ஊதாவிட்டால், செத்தவனின் பழி அவன் தலையில். துன்மார்க்கன் சாவதில் தெய்வத்துக்கு விருப்பம் கிடையாது, அவன் திரும்பிப் பிழைப்பதே விருப்பம் என்று சொன்னவரும் அவர்தான். இவர்கள் எல்லோரும் தங்கள் எச்சரிக்கை பொய்த்துப்போக வேண்டும் என்று ஏங்கிக்கொண்டே அதைச் சொன்னார்கள் என்பது என் நம்பிக்கை. யோனா மட்டும் அது பலிக்க வேண்டும் என்று ஊருக்கு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்து காத்திருக்கிறார்.

தெய்வத்திடம் அவர் வைக்கும் வழக்கும் விசித்திரமானது. நீ இரக்கமுள்ளவன், நெடிய பொறுமையுள்ளவன், மிகுந்த கிருபையுள்ளவன். இது எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்கிறார். சீனாய் மலையில் மோசே கேட்ட தெய்வப் பண்புகளின் பட்டியல் அது; வேதம் முழுக்கப் புகழ்ச்சியாக வருவதை யோனா குற்றச்சாட்டாகத் திருப்பிப் படிக்கிறார். அதே தோல்சுருளில், இரண்டு ஏடு தள்ளி வரும் நாகூம், அதே பட்டியலிலிருந்து பொறுமையை எடுத்துக்கொண்டு, குற்றவாளியை விடமாட்டான் என்ற பகுதியை அழுத்தி, அதே நினிவேயின் அழிவைப் பாடுகிறார். சுருளைத் தொகுத்தவர்கள் இரண்டில் ஒன்றை வெட்டவில்லை. எனக்கு அவர்கள்மேல் பெரும் மரியாதை.

கடைசிக் காட்சியில் யோனாவுக்கு நிழலாக ஒரு செடி ஒரே இரவில் முளைக்கிறது. மறுநாள் புழு அரித்துப் பட்டுப்போகிறது. செடிக்காக மனம் வாடும் யோனாவிடம், வலது கை இடது கை தெரியாத 1,20,000 பேரும், அத்தனை மிருகங்களும் இருக்கிற நகரத்துக்காக நான் இரங்கக்கூடாதா என்று தெய்வம் கேட்கிறது. அந்தக் கேள்வியோடு புத்தகம் நின்றுவிடுகிறது. யோனாவின் பதில் இல்லை.

பிறகு பயணம். அலெக்சாந்திரியாவில் கிரேக்கம், அங்கிருந்து ரோம்; அங்கே பூமிக்கடியில் இருந்த கல்லறைச் சுரங்கங்களில் ஆதிக் கிறிஸ்தவர்கள் யோனாவை மறுபடி மறுபடி வரைந்து வைத்தார்கள். நமக்கு நெருக்கமான பாதை கிழக்கே வந்தது. சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவர்கள் நினிவே மக்களின் பட்டினியை மூன்று நாள் நோன்பாகவே ஆக்கிக்கொண்டு அதைக் கேரளக் கரைக்கும் கொண்டுவந்தார்கள். கோட்டயம் பக்கத்தில் குறவிலங்காடு மரியன்னை ஆலயத்தில் இன்றைக்கும் அந்த மூன்று நாள் நோன்பில் கப்பலோட்டம் நடக்கிறது. மரத்தால் செய்த கப்பலைத் தோளில் சுமந்த ஆண்கள், புயலில் சிக்கியது போலவே அதை முன்னும் பின்னும் சாய்த்துக் குலுக்கி ஓடுகிறார்கள். சுற்றி நிற்கும் கூட்டம் கப்பல் மூழ்குமா கரைசேருமா என்பது போலப் பார்க்கிறது. மலையும் ரப்பர்த் தோட்டமும் சூழ்ந்த ஊரில் அசீரியாவின் பட்டினி கப்பலேறி வருகிறது.

இன்னொரு பாதை அரபு வழி. குர்ஆனின் பத்தாவது அத்தியாயத்துக்கே, யோனாவின் அரபுப் பெயரான யூனுஸ் என்று பெயர். வேதனை நெருங்கிய நேரத்தில் ஈமான் கொண்டு அதனால் பயனடைந்த ஒரே ஊர் யூனுஸ் நபியின் ஊர்தான் என்று அந்த அத்தியாயம் சொல்கிறது. அந்த ஊரின் தொகை ஒரு லட்சம் அல்லது அதற்கும் மேல் என்று வேறோர் அத்தியாயத்தில் வருகிறது. மீன் கக்கிய பிறகு, நோயுற்று வெட்டவெளியில் கிடக்கும் நபிக்கு நிழலாகச் சுரைக்கொடி படர்கிறது. அதைப் புழு அரிப்பதில்லை. எபிரேயக் கதையில் நபிக்குப் பாடம் நடத்த வந்த செடி, இங்கே நபிக்கே இரக்கமாக வருகிறது. மீன் வயிற்று இருட்டில், தப்பு என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு யூனுஸ் நபி கேட்ட துஆவைக் கஷ்டகாலத்தில் ஓதாத தமிழ் முஸ்லிம் வீடு அபூர்வம்.

தாயிஃப் நகரத்துச் சம்பவமும் பயான்களில் தவறாமல் வரும். நபிகள் நாயகத்தை அந்த ஊரார் கல்லால் அடித்து விரட்டினார்கள். கால்களில் இரத்தம் வடியத் தோட்டத்தில் ஒதுங்கியவருக்குத் திராட்சைக் குலை கொண்டுவந்து கொடுத்த அடிமை அத்தாஸ், நினிவேக்காரர். யூனுஸின் ஊரா என்று நாயகம் கேட்டார். அவர் என் சகோதரர், அவரும் நபி, நானும் நபி என்றார். மலைகளுக்குரிய வானவர் வந்து, சொல்லுங்கள், இரண்டு மலைகளுக்கிடையே இவர்களை நசுக்கிவிடுகிறேன் என்றபோது, வேண்டாம், இவர்களின் சந்ததியிலாவது இறைவனை வணங்குகிறவர்கள் வரட்டும் என்று மறுத்தார். ஊருக்கு வெளியே பந்தலில் காத்திருந்த யோனாவின் இடத்தில் இப்போது வேறு பதில் கிடைக்கிறது. அதே நினிவேயின் மேட்டில், இன்றைய மோசூல் நகரத்தில், யூனுஸ் நபியின் அடக்கத்தலம் என்று பல நூற்றாண்டு போற்றப்பட்ட பள்ளிவாசலை 2014 ஜூலையில் ஐ.எஸ். படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தெய்வத்தின் தீர்ப்பைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டவர்கள் முதலில் உடைத்தவற்றில் அந்த இரக்கத்தின் நினைவிடமும் ஒன்று.

தமிழுக்கு வந்த அச்சுப்பாதை சோழமண்டலக் கரையில் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்து, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து 1719-இல் இறந்தார். மிச்சத்தை அவருக்குப் பின் வந்த மிஷனரி ஷூல்சே முடித்தார். 1728-க்குள் தீர்க்கதரிசிகள் எல்லோரும் தமிழில் அச்சேறிவிட்டார்கள். தரங்கம்பாடிக்குத் தெற்கே, ஒரு நாள் நடையில், தர்கா ஊரான நாகூர். யோனாவும் யூனுஸும் ஒரே கரையில் தமிழ் பேசினார்கள்.

அந்தக் கரையிலிருந்து கிளம்பிய கப்பல்கள்தாம் பினாங்கை நிரப்பின. பிரான்சிஸ் லைட் 1786-இல் கிழக்கிந்தியக் கும்பினிக்காகத் தீவைக் கைக்கொண்டு தெருக்களை வகுத்தபோதே, சூலியாக்கள் எனப்பட்ட சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்களுக்கு அதில் இடம் இருந்தது. 1794-இல் அவர் எழுதிய கணக்கில், சோழமண்டலக் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்களைக் கொண்டுவருகின்றன. அவர்கள் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அடுத்த கூட்டம் வருகிறது. நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை என்று ஊர் ஊராக வந்தவர்களின் தெரு அது. 1801-இல் அவர்களின் தலைவர் காதர் முகைதீன் மரைக்காயர் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை நிறுவினார். அதை ஒட்டிய காலத்திலேயே சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா எழுந்தது. வெள்ளையடித்த சிறிய கட்டடம். வெளிச்சுவரிலேயே சின்னச் சின்னக் கடைகள். நாகூர் ஆண்டகை ஷாகுல் ஹமீது அங்கே அடங்கவில்லை. அவர் 1570-இல் நாகூரில் மறைந்தவர். கடல் தாண்டி வந்து சேர்ந்தவர்கள் தங்கள் நன்றிக்கு ஒரு முகவரி வைத்துக்கொண்டார்கள்.

ஆண்டகையைப் பற்றிச் சொல்லப்படும் கதையிலும் ஒரு கப்பல் உண்டு. அவர் முடிதிருத்திக்கொண்டிருந்த வேளையில், நடுக்கடலில் கப்பல் ஒன்று ஓட்டை விழுந்து மூழ்குவதை உள்ளத்தால் அறிந்து கையிலிருந்த கண்ணாடியை வீசினாராம். அது போய் ஓட்டையை அடைத்துக்கொண்டதாம். கப்பலில் இருந்தவன் எந்த மதத்தான், என்ன குற்றம் செய்தான் என்ற விசாரணை அந்தக் கதையில் கிடையாது. யோப்பா மாலுமிகளுக்கு இதைச் சொல்லியிருந்தால் உடனே புரிந்திருக்கும்.

சூலியா தெருவுக்கு வந்த எல்லாக் கப்பலும் வியாபாரக் கப்பல் அல்ல. கும்பினி ஆட்சி பினாங்கைக் கைதிகளின் தீவாகவும் வைத்திருந்தது. 1801 அக்டோபர் 24-இல் கும்பினியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பாளையக்காரர் போரின் கைதிகள் 70-க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி. பிள்ளைப் பருவம் தாண்டாதவன். அவன் செய்த குற்றம் என்ன என்று தேடினால், அப்பன் பெயர்தான் கிடைக்கும். அப்பன் தின்ற திராட்சைக்காய்க்குப் பிள்ளையின் பல் கூசுமா, பாவம் செய்தவனே அதைச் சுமப்பான் என்று எசேக்கியேல் கோபத்தோடு வாதாடியதை ஞாயிறுதோறும் மடியில் வைத்திருந்த ஆட்சி அது.

1818-இல் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் பினாங்குக்கு வந்தார். பாளையக்காரர் போரில் மருதுகளுக்கு எதிராகச் சண்டையிட்டவர். அதற்கு முன், வேலெறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடமே கற்றவர். அங்கே உடல் தளர்ந்து முதியவன் போல் நின்ற ஒருவன் தன் பெயர் துரைசாமி என்று சொன்னான். அந்தப் பெயர் நெஞ்சில் கத்தியாய் இறங்கியது என்ற பொருளில் வெல்ஷ் பின்னாளில் தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். அவனுக்காக எதுவும் செய்ய அவரால் முடியவில்லை. நினிவேக்கு நாற்பது நாள் தவணை இருந்தது. துரைசாமிக்குப் பதினாறு ஆண்டாகியும் ஒரு தவணை வரவில்லை. அந்த 1818-இல்தான், சூலியா தெருவுக்குப் பக்கத்தில், கைதிகளின் உழைப்பால் புனித ஜார்ஜ் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது. வெண்ணிறத் தூண்கள் கம்பீரமாக நிற்கும். அந்தத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் செங்கல் சுமந்தவர்களின் ஊர் எதுவாக இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும்.

கடைசியாக வந்து சேர்ந்தது அந்தக் கதையின் எபிரேய மூலம். பினாங்கு யூதர்களின் இடுகாடு 1805-இல் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. நிற்கும் கல்லறைகளில் மிகப் பழையது 1835-ஐச் சேர்ந்தது. இடுகாட்டை ஒட்டிய சாலைக்கு யாஹூடி ரோடு என்றே பெயர் இருந்தது. இன்று அது ஜாலான் ஜைனல் ஆபிதீன். அந்த இடுகாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொள்வது இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்று. பினாங்கு யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத் வழி வந்தவர்கள். நினிவேயைத் தொட்டு ஓடும் அதே டைகிரிஸ் நதிக்கரைக்காரர்கள். 1929-இல் அவர்கள் ஜெப ஆலயம் திறந்தார்கள். அது அமைந்த தெருவின் பெயர் நாகூர் ரோடு. ஆண்டகையின் ஊர்ப் பெயரைத் தாங்கிய தெருவில் யோனாவின் கப்பல் வந்து நின்றது என்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

பாவநிவாரண நாளான யோம் கிப்பூரன்று பிற்பகல் தொழுகையில் யோனா புத்தகத்தை முழுவதும் ஓதுவது யூதர்களின் பழைய வழக்கம். முந்தின நாள் மாலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடாமல் இருப்பவர்கள், தொண்டை வறண்ட நேரத்தில் கேட்கும் வாசகம் அது. சபையாகக் கூடி ஓத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பினாங்கு யூதர்கள் ஒவ்வொரு குடும்பமாகச் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இன்னும் எங்கெங்கோவும் போனார்கள். பத்துப் பேர் சேராத நிலையில் 1976-இல் நாகூர் ரோடு ஆலயம் மூடப்பட்டது.

அந்த ஆலயத்திலும் உலகின் மற்ற ஆலயங்களிலும் ஓதும் முறை ஒன்றே. 1,20,000 பேரையும் மிருகங்களையும் பற்றிய கேள்வியோடு யோனா முடிந்ததும், ஓதுகிறவர் அங்கே நிறுத்துவதில்லை. சுருளில் யோனாவுக்கு அடுத்து வரும் மீகாவின் கடைசி மூன்று வசனங்களையும் சேர்த்து ஓதுகிறார். எங்கள் பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிடுவாய் என்று அவை சொல்கின்றன. மாலுமிகள் மனம் பதைத்துக்கொண்டு ஒரு மனிதனைத் தூக்கிப் போட்ட அதே கடல். மீகா கேட்பது தன் சனத்துக்கான மன்னிப்பு. அதற்கு வந்து சேர, பட்டினியோடு நிற்கும் ஒவ்வொருவரும் லாகீசைக் கொளுத்தியவர்களின் ஊர் மன்னிக்கப்பட்ட கதையை ஒரு வசனம் விடாமல் முதலில் கேட்டாக வேண்டும்.